படிக்காவிட்டால் புல் வெட்டத்தான் போவாயா?



நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வழிவழியாக வழங்கிவரும் வசைமொழி ஒன்று உண்டு. "ஒழுங்கா படி... இல்லன்னா புல்லு வெட்டத்தான் போகணும்!" இதனைச் சொல்லாத வீடும் அரிது, கேட்டு வளராத பிள்ளையும் அரிது. தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியும் புல் வெட்டியும் மருந்தடித்தும் நம்மைக் கரையேற்றிய தலைமுறை, தாம் பட்ட துன்பத்தைத் தம் பிள்ளைகள் படக்கூடாதே என்ற ஏக்கத்தில் சொன்ன சொல் அது. அவர்களுக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது. ஆனால், மின்விசிறியின் கீழ் நின்றுகொண்டு வெண்கட்டி பிடித்த கையோடு நாம் அதே சொல்லைச் சொல்லும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. மூன்றாம் வரிசையில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவனின் தந்தை, அன்று விடியற்காலையிலேயே புல்வெட்டும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனவராக இருக்கக்கூடும் அல்லவா?

அந்தச் சொல் ஒரு பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய பிழை ஒன்று அதற்குள் இருக்கிறது. புல் வெட்டும் தொழிலுக்கு மூளை தேவையில்லை என்ற எண்ணந்தான் அது. இவ்வெண்ணத்தை மறுப்பதற்கே இதனை எழுதுகிறேன். மறுப்புக்கு நான் கொண்டுவரும் சாட்சி, இயங்க மறுத்த பழைய புல்வெட்டி இயந்திரம் ஒன்று.

பள்ளித் திடலில் புல் வெட்டும் வேலையை இன்று பெரும்பாலும் குத்தகைக்காரர்களே செய்கின்றனர் என்பதை நாம் அறிவோம். ஆயினும், அறிவியல் தோட்டத்தின் ஓரம், சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் போன்ற இடங்களுக்கென்று எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பழைய இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறது. கையால் தள்ளிச் செல்லும் வகை. பச்சை வண்ணம் என்று சொல்லிக்கொள்ளலாம், பாதி துருவாகிவிட்டது. ஆண்டிறுதி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், மழையில் வளர்ந்த புல் முழங்காலை எட்டியிருந்தது. (புல்லில் ஏடிஸ் கொசு முட்டையிடுவதில்லை, ஆனால் அதற்குள் மறைந்து கிடக்கும் நெகிழிக் குவளையில் தேங்கிய மழைநீரில் நன்றாகவே முட்டையிடும். எனவே, பெற்றோர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது.) இயந்திரத்தை வெளியே இழுத்துக் கயிற்றை இழுத்தால்... இழுத்தவர்களுக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம்.

கடை ஒன்றிற்கு எடுத்துச் சென்றனர். அங்கிருந்தவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. "பழைய மாடல், பேசாமல் புதுசு வாங்கிவிடுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டார். புதியது வாங்கப் பல நூறு வெள்ளி வேண்டும். நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்கள் பயிலும் சிறிய பள்ளிகளில் அந்தப் பணத்தின் மதிப்பு என்ன என்பதை அங்குப் பணியாற்றுவோரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பின் கல்விச் சுற்றுலாவே அதில் அடங்கிவிடும்.

அச்சமயத்தில்தான் மாணவர் ஒருவரின் தந்தையார் வந்தார். குத்தகைக்குப் புல் வெட்டுபவர். கூட்டுப்பணிக்கு வந்தவர், "நான் ஒருக்கா பாத்துடுறேன் டீச்சர்" என்றார். ஆறாம் ஆண்டு மாணவர்கள் அப்போது தோட்டத்தில் இருந்தனர். அவர்களை ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானும் நின்று பார்த்தேன்.

அவர் முதலில் இயந்திரத்தைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார். கடைசியாக எப்போது ஓடியது? பெட்ரோலை உள்ளேயே விட்டு வைத்தீர்களா? ஓடும்போது கல்லிலோ மரவேரிலோ இடித்ததா? அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவதற்காக யாராவது கவிழ்த்தார்களா? கவிழ்த்தார்கள் என்றால் எந்தப் பக்கமாக?

இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. தேங்கிய பெட்ரோல் ஓரிரு மாதங்களிலேயே கெடத் தொடங்கும். நம் நாட்டு வெப்பத்தில் இன்னும் விரைவாகவே கெடும். அதிலுள்ள எளிதில் ஆவியாகும் கூறுகள் போய்விட, பிசின் போன்ற படிவு எஞ்சும். கத்தி கல்லில் இடித்திருந்தால், சுழல்சக்கரத்தை அதன் தண்டோடு பிணைத்திருக்கும் சிறிய சாவித்துண்டு வெட்டுப்பட்டிருக்கலாம். பெரிய சேதத்தைத் தான் வாங்கிக்கொண்டு உடைய வேண்டும் என்பதற்காகவே பல இயந்திரங்களில் அதனை மென்மையான உலோகத்தால் செய்கிறார்கள். அது சற்றே நகர்ந்தாலும் தீப்பொறி தவறான நேரத்தில் விழும்; வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். இயந்திரத்தைக் கவிழ்க்கும்போது காற்று வடிகட்டி மேற்புறமாக இருக்கவேண்டும். மாறாகக் கவிழ்த்தால் உள்ளிருக்கும் எண்ணெய் வழிந்து வடிகட்டியை நனைத்துவிடும்.

ஒரு நல்ல மருத்துவரும் இப்படித்தான் தொடங்குவார். நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர் கதையைக் கேட்பார்.

இவ்வியந்திரம் இயங்குவதற்கு வேண்டியவை நான்கே: எரிபொருள், காற்று, தீப்பொறி, அமுக்கம். எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றோடு 1 பங்கு பெட்ரோல் கலந்து உருளைக்குள் போகிறது. உந்துதண்டு அதனை அமுக்குகிறது. உரிய நொடியில் பொறி விழுகிறது. வெடிப்பின் விசை கத்தியைச் சுழற்றுகிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 25 முறை இது நிகழ்கிறது. மின்கலம் எதுவும் இல்லை. சுழல்சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து செல்லும்போது பிறக்கும் மின்சாரமே பொறியாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அது. அதற்கு முந்தைய ஆண்டில், 1830இல், இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார் என்பது ஒரு சுவையான செய்தி. அன்று அதனை மனிதர்தாம் தள்ளினர். இரண்டும் ஒன்று சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

சரி, நம் இயந்திரத்திற்கு வருவோம். நான்கில் எது இல்லை? இதைத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அவர் கயிற்றை ஒருமுறை மெல்ல இழுத்தார். "தடுப்பு இருக்கு" என்றார். இழுக்கும்போது கை உணரும் எதிர்ப்பே அமுக்கம் இருப்பதற்கான அடையாளம். கயிறு வழுவழுவென்று எதிர்ப்பின்றி வந்தால் அடைப்பிதழோ உருளையோ பழுதாகியிருக்கலாம். அது பெரிய வேலை. நான்கில் ஒன்றை மூன்று நொடியில் கடந்துவிட்டார். காற்று வடிகட்டியைத் திறந்தார். பஞ்சு போன்ற நுரைத்துண்டு முழுவதும் தூசு. அதனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அது இல்லாமலேயே கயிற்றை இழுத்துப் பார்த்தார். பயனில்லை. ஆக, காற்றடைப்பு மட்டுமே காரணம் அன்று.

அடுத்துத் தாம் செய்ததை மாணவர்களுக்குக் காட்டிக் காட்டிச் செய்தார். பிடியில் உள்ள தண்டை அழுத்திப் பிடித்துப் பத்துமுறை கயிற்றை இழுத்தார். (அந்தத் தண்டை அழுத்தாவிட்டால் பொறியே வராது. அதன் கம்பி தளர்ந்துபோனதாலேயே 'செத்துப்போன' இயந்திரங்கள் பல உண்டு.) பின்னர்ப் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில், முழு வேலையின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. பத்துமுறை இழுத்த பிறகும் பிளக் உலர்ந்திருக்கிறது என்றால், பெட்ரோல் உருளையை எட்டவே இல்லை என்று பொருள். நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது. ஆனால் எரியவில்லை என்று பொருள். கன்னங்கரியாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே எண்ணெய் ஏறுகிறது. விரல் நீளமுள்ள ஒரு பொருளின் முனையைப் பார்த்து, கண்ணால் காணமுடியாத உருளைக்குள் நடப்பதைச் சொல்லிவிடலாம்! நம் அறிவியல் பாடத்தில் 'உற்றறிதல்' என்றும் 'ஊகித்தல்' என்றும் இரண்டு திறன்களைச் சொல்லிக் கொடுக்கிறோமே, அவ்விரண்டுக்கும் இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்தப் பயிற்சி நூலிலும் நான் பார்த்ததில்லை.

மாணவி ஒருத்தி கேட்டாள், "ஈரமா இருந்திருந்தா என்ன செய்வீங்க அங்கிள்?"

"அப்ப பொறிய தேடிப் போயிருப்பேம்மா. இது காஞ்சு இருக்கு, அதனால பெட்ரோல தேடிப் போறேன்."

இருப்பினும் பொறியையும் அவர் சோதித்தார். பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, பெட்ரோல் தொட்டியிலிருந்தும் பிளக் கழற்றிய துளையிலிருந்தும் தள்ளி, இயந்திரத்தின் உடலோடு அணைத்து, பிடி உறையிட்ட குறட்டால் பற்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். நிழலில் நீலநிறப் பொறி தெரிந்தது. அந்த முனைகளின் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் பத்தில் ஏழெட்டுப் பங்குதான். அது மிகவும் அகன்றாலும் குறுகினாலும் பொறி நலியும்.

பின்பு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிறு கரண்டி அளவு புதிய பெட்ரோலைப் பிளக்கின் துளை வழியே நேரடியாக உருளைக்குள் விட்டு, பிளக்கைத் திருகி, கம்பியை மாட்டி, கயிற்றை இழுத்தார். இயந்திரம் இரண்டு மூன்று நொடி உறுமிவிட்டு அடங்கியது. மாணவர்கள், "அடடா, நின்னுபோச்சே!" என்றனர். அவரோ சிரித்தார். அவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. அந்த மூன்று நொடி ஓட்டம், பொறி நன்று, அமுக்கம் நன்று, பொறி விழும் நேரமும் நன்று என்று மூன்றையும் ஒருசேர மெய்ப்பித்துவிட்டது. எஞ்சியிருப்பது தொட்டிக்கும் உருளைக்கும் இடைப்பட்ட பாதை மட்டுமே. ஐயத்திற்குரிய இடத்தை ஒரே சோதனையில் பாதிக்கும் மேல் சுருக்கிவிட்டார். கணிதத்தில் ஓர் எண்ணை ஊகிக்கும் விளையாட்டில், "50ஐ விடப் பெரியதா?" என்று கேட்கும் மாணவன் விரைவில் வெல்வான், "அது 7ஆ? 12ஆ?" என்று தாவுகிறவன் தோற்பான். அதே முறைதான்.

பிறகு என்ன, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே தேன் நிறத்தில் பிசுபிசுப்பான படிவு. பெயிண்டு கெட்டுப்போனதைப் போன்ற புளித்த நெடி. அடியில் முத்துப்போல இரண்டு சொட்டு நீர். பெட்ரோலைவிட நீர் அடர்த்தி மிக்கது. எனவே அடியில் தங்கும். அடர்த்தியைக் கற்பிக்க நாம் சமையல் எண்ணெயையும் நீரையும் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டுகிறோம். இங்கே அதே பாடம் ஓர் இயந்திரத்தையே நிறுத்தி வைத்திருந்தது! நடுவிலுள்ள பித்தளைக் குழலின் நுண்துளை அடைத்திருந்தது. மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செம்பிழையை உருவி அதனுள் செலுத்தித் துப்புரவு செய்தார். ஊசியால் குத்தக்கூடாதாம், எஃகு பித்தளையைக் கீறினால் துளையின் அளவு மாறிவிடும், கலவையும் மாறிவிடும். நுரைத்துண்டைச் சவர்க்கார நீரில் கழுவி உலரவைத்தார். பழைய பெட்ரோலை வடித்துப் புதியதை ஊற்றினார். மூன்றாம் இழுப்பில் இயந்திரம் ஓடியது. செலவு, பெட்ரோல் காசு மட்டுமே.

அவருடைய மகனும் அங்கு நின்றிருந்தான். பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று மட்டும் எழுதியிருந்த மாணவன் அவன். நண்பர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு அவனிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தனர்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் 12ஐயும் மனப்பாடமாக ஒப்புவித்தவர்கள் நாம். கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் நம்மில் பலர் அத்திறன்களை விடைத்தாளில் எப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும் என்ற கோணத்திலேயே கற்பிக்கிறோம். அவற்றின் பெயரைக்கூட அறியாத ஒருவர் அவற்றில் பெரும்பாலானவற்றை எங்கள் தோட்டத்து ஓரத்தில் முக்கால் மணிநேரத்தில் செய்து காட்டினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார். மாற்றிய பின் சோதித்தார். சோதித்த பின்னரே அடுத்ததற்குப் போனார். இதுதானே மாறிகளைக் கட்டுப்படுத்துதல்?

இதற்கு எதிரான முறை ஒன்று உண்டு. பிளக், வடிகட்டி, கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக வாங்கி மாற்றிவிடுவது. இயந்திரம் ஓடிவிடும், ஆனால் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே செலவு. பின்தங்கிய மாணவனுக்கும் நாம் செய்வது இதுதான் என்று எனக்குப் படுகிறது. கணிதத்தில் புள்ளி குறைந்தால் உடனே பிரத்தியேக வகுப்பு, மூன்று பயிற்சி நூல்கள், கைப்பேசி பறிமுதல், சனிக்கிழமை கூடுதல் வகுப்பு. அவன் கணக்கில் தவறுகிறானா, கணக்கின் வாக்கியத்தை வாசிப்பதில் தவறுகிறானா என்று ஒரு கேள்வியை அவனிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? ஐந்து நிமிட வேலை அது. கரண்டிப் பெட்ரோல் சோதனையைப் போன்றது.

"பிள்ளைகளைப் புல் வெட்டுவோராக்கப் பார்க்கிறீர்களா?" என்று சில பெற்றோர்கள் கேட்கலாம். இல்லை. வெயிலிலும் புகையிலும் நாள் முழுவதும் நின்று, குத்தகைப் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் அத்தொழிலின் துன்பத்தை நான் அழகுபடுத்திக் காட்ட விரும்பவில்லை. அந்தத் தந்தையாரும் தம் மகன் மேற்படிப்புப் படிக்கவேண்டும் என்றே சொன்னார். நான் கேட்பதெல்லாம், பிள்ளையைப் படிக்கத் தூண்டுவதற்கு இன்னொருவர் தொழிலை இழிவாகக் காட்ட வேண்டுமா என்பதுதான். பொறியியல் படிக்கச் செல்லும் மாணவனுக்கு அந்த முக்கால் மணிநேரம் வீணாகுமா? மருத்துவம் படிக்கச் செல்பவளுக்கு?

"ஆபத்தாயிற்றே!" என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. இதனை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இயந்திரத்தைக் கையாள்வது பெரியவர்களின் வேலை. மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். திறந்தவெளியில்தான் செய்யவேண்டும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சென்று தொலைவில் உள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். இயந்திரம் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. கத்தியின் பக்கம் கை போகுமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றியே ஆகவேண்டும். கத்தியைக் கையால் திருப்பினாலும் இயந்திரம் உயிர்பெற்றுவிடக்கூடும். அச்சம் மிகுந்தால் இயந்திரத்தை விடுங்கள். எரியாத கைமின்விளக்கு, மணியடிக்காத மிதிவண்டி, ஓடாத சுவர்க்கடிகாரம் எதுவாயினும் சரி. மாணவர்கள் பழுதைத் தேடவேண்டும். நாம் விடையைச் சொல்லாமல் வாய்மூடி இருக்கவேண்டும். இரண்டாவதுதான் ஆசிரியர்களாகிய நமக்குக் கடினம்!

எல்லாப் பழைய இயந்திரங்களையும் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றும் நான் கூறவில்லை. கத்தியின் தண்டு வளைந்துவிட்டால், அடித்தகடு துருவேறி ஓட்டை விழுந்துவிட்டால், பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. ஓட்டை விழுந்த தகட்டின் வழியே பறந்து வரும் ஒரு கல், கண்ணைப் பறித்துவிடும். சோதித்துப் பார்த்த பிறகு தூக்கி எறிவது வேறு. பாராமலே எறிவது வேறு.

உங்கள் பள்ளியிலும் இப்படி ஓர் இயந்திரம் பொருளறை மூலையில் கிடக்கலாம். கிடந்தால், அது ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறதா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால், தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோளில் மாட்டும் வகையாக இருந்தால், பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றவேண்டிய இருவீச்சு இயந்திரமா என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு வெறும் பெட்ரோலை ஊற்றினால் உள்ளே தேய்ந்து இறுகிவிடும்.

நீண்ட விடுமுறைக்கு முன்பு செய்யவேண்டியதையும் அத்தந்தையார் சொல்லிச் சென்றார். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும், கிண்ணம் காலியாகிவிடும். தொட்டியில் உள்ளதையும் வடித்துவிட வேண்டும். பெட்ரோல் கலனின் மேல் வாங்கிய நாளை எழுதி ஒட்டும் பொறுப்பை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்திருக்கிறோம். எழுத்து கொஞ்சம் கோணல்தான். நாள் தெளிவாகத் தெரிகிறது.